எண்பது கெஜத்துக்கு ஒரு தோட்டா

லைசென்ஸில் இருந்தது என் பெயர்தான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் சட்டென்று நம்புவதில்லை. அப்பா போன பிறகு அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. எல்லா ஆபீஸிலும் ஒரே கூத்துதான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். பிறகு எனக்குப் பின்னால் நிற்கும் என் வீட்டுக்காரரிடம் கேள்வி கேட்பார். அவர் ஏற்காட்டில் ஏரிப் பக்கம் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவர். தோட்டாவை எந்தப் பக்கமாகச் செருக வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி என்னைப் பார்ப்பார், நான் பதில் சொல்லுவேன். அப்போதும் அந்த ஆபீசர் தலையாட்டுவது அவரைப் பார்த்துத்தான்.

எனக்குக் கோபம் அதிகம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதிகம்தான். இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை ஆற விடும் எண்ணமும் எனக்கு இல்லை.

மஞ்சக்குட்டைப் பக்கம் சரிவில் எங்களுக்கு நாலு ஏக்கர். மேலே வீடு. வீட்டுக்குக் கீழே பீன்ஸ் போடும் மேடு. அந்த மேட்டின் வரப்பைத் தாண்டினால் சில்வர் ஓக் நிழலில் காபி, மரங்களில் மிளகுக்கொடி. காலையில் பனி விலகும் நேரத்தில் காட்டுக்கோழிகள் வரப்பேறி பீன்ஸுக்குள் இறங்கும். பிஞ்சைக் கொத்தும், விதையைக் கிளறும், பந்தலுக்கு நட்ட குச்சியைச் சாய்க்கும். இப்போதெல்லாம் மயில்களும் மலையேறி வந்துவிட்டன. அவை ஒரு தடவை நடந்து போனாலே பாத்தி பாழ். காட்டுக்கோழியையும் சுடக் கூடாது, மயிலையும் சுடக் கூடாது, சட்டம் அது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எனக்குக் கொடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு நான் செய்தது சத்தம் போட்டு விரட்டுவது மட்டும்தான். பட்டாசு வெடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊர் பனியில் நமத்துப்போன பட்டாசைக் குனிந்து பற்ற வைத்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

தோட்டாவுக்கு நம்பர் உண்டு. உள்ளே அடைத்திருக்கும் ஈய ரவையின் பருமனைச் சொல்கிற நம்பர். நம்பர் ஏற ஏற ரவை சிறுத்துக்கொண்டே போகும். நான் வாங்குவது எப்போதும் எட்டாம் நம்பர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், அவ்வளவுதான். குழலை வானத்துக்குத் தூக்கிச் சுட்டால் ரவை மேலே போய், வேகமெல்லாம் செத்து, தன் கனத்துக்குக் கீழே உதிரும். சேலத்துக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், "இத வெச்சு என்னத்தைங்க சுடுவீங்க? நாலாம் நம்பர் எடுத்துக்கங்க." கறிக்குச் சுடுகிறவனுக்குத்தான் நாலாம் நம்பர் வேண்டும். எனக்கு வேண்டியது சத்தம். கீழே விழும் ஈயம் யார் மேலும் பட்டு வலிக்கக் கூடாது. இதை அவரிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்லிச் சலித்துப்போனேன்.

வாசலில் இருந்து வரப்பு எண்பது கெஜம். அந்தத் தூரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் அந்தத் தூரம்தான் காரணம். லைசென்ஸ் கைக்கு வந்த புதிதில் நாலாம் நம்பரும் வாங்கிப் பார்த்தேன். யாரோ கல்யாணத்துக்கு அடித்த பழைய ஃபிளெக்ஸ் பேனரை மண்மேட்டில் விரித்துக் கட்டி, பக்கத்தில் இருந்து தொடங்கி ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போய்ச் சுட்டேன். கிட்டத்தில் சுட்டபோது மாப்பிள்ளையின் சட்டை சல்லடையாகிவிட்டது. தள்ளிப் போகப் போக ரவை விரிந்துகொண்டே போனது. எண்பது கெஜத்துக்குப் போனபோது மாப்பிள்ளை, பெண், மூலையில் கைகூப்பி நிற்கும் நண்பர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு என்று பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. ஒரு முகம் முழுசாகத் தப்பித்திருக்கும், அடுத்த முகத்தில் ஒரு ஓட்டை. அவ்வளவு தூரத்தில் ஒரு பறவையைக் குறிபார்த்து அடிப்பேன் என்று எவன் சொன்னாலும் அது புளுகு. குறி பார்க்கலாம். எந்த ரவை எங்கே போகும் என்பது அவன் கையில் இல்லை. பறவையும் அங்கேயே விழாது. முதுகில் ஒரு ரவையை வாங்கிக்கொண்டு புதருக்குள் போய்க் கிடந்து நாலு நாள் கழித்துச் சாகும்.

காபி பறிக்க வரும் பெண்களுக்கு என் வெடி பழகிப்போன ஒன்று. நான் வாசலில் நின்று "ஓ" என்று ஒரு குரல் கொடுப்பேன். கீழே இருந்து அவர்களும் "ஓ" என்பார்கள். பிறகு சுடுவேன். கொஞ்சம் பொறுத்துக் காபி இலைகளின் மேல் பொலபொலவென்று ரவை உதிரும். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள் எவளாவது கூடையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டால் போச்சு. "ஏனுங்க அம்மணி, மழையா பேயுது?" என்று அன்றைக்குப் பூராவும் அவளை ஓட்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் அவளும் தூக்க மாட்டாள். வெடிச்சத்தம் கேட்டால் தலையைக் காப்பது மனுஷ இயல்பு. எங்கள் தோட்டத்துப் பெண்கள் அதைக் கேலி செய்தே ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இனிமேல் அவள் என்றால் இவள்தான். மலையிலேயே பிறந்தவள், எங்கள் தோட்டத்துக்கு மேலே கொஞ்சம் சொந்த நிலத்தில் ராகி போடுகிறவள், வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு கையாலும் பழம் பறிப்பாள், வாயும் அதே வேகத்தில் ஓடும். என்னோடு சண்டை போடாத வாரம் கிடையாது. டீயில் சர்க்கரை கம்மி என்று ஒரு நாள், நான் கட்டியிருக்கும் சேலையின் கலர் சகிக்கவில்லை என்று ஒரு நாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்வாள்.

இனி அந்த மனிதர். என் வீட்டுக்காரரின் அக்காவைக் கட்டியவர். சேலத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். என் வீட்டுக்காரருக்கு மாமா, எனக்கு அண்ணன் முறை. ஏற்காட்டில் கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் வந்தால் டிவியில் அவர் பார்க்கும் சேனல்தான் ஓடும். சாப்பாட்டில் உப்பு கூடியிருந்தாலும் அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு உறைக்கும். ஒரு தடவை எங்கள் பாத்ரூம் கதவின் நிறம் பிடிக்கவில்லை என்றார். அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார்.

அவருக்கும் லைசென்ஸ் உண்டு, இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. அவர் சுட்டு நான் பார்த்ததில்லை, சுட்டதாகச் சொல்லி நிறையக் கேட்டிருக்கிறேன். போனில் வெளிநாட்டு வீடியோக்கள் பார்ப்பார். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆட்கள் காய்ந்த வயலில் நாயை விட்டு நீள வால் கோழி ஒன்றைக் கிளப்புவார்கள். அது எழும்பிப் பறந்து எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது டப்பென்று ஒரு வெடி, பறவை சுருண்டு விழும். "நம்ம காட்டுக்கோழிக்கு இது சொந்தக்காரந்தாம்மா, ஒரே சாதி" என்று எனக்குக் காட்டுவார். எவ்வளவு தூரம், என்ன தோட்டா, குழல் எவ்வளவு நீளம் என்று அந்த வெள்ளைக்காரர் சொல்வதையெல்லாம் இவர் கண்டுபிடித்ததுபோல் எனக்கு மறுபடி சொல்வார். சுட்டுத் தவறிய வெடிகளை அந்த வீடியோவில் வெட்டி எறிந்திருப்பார்கள் என்பது ரிட்டயர்டு ஆபீசருக்குத் தோன்றவேயில்லை.

போன பொங்கலுக்கு அக்காவும் அவரும் மலைக்கு வந்தார்கள். பொங்கல் முடிந்து வரும் கரிநாளன்று கறி சமைப்பது எங்கள் பக்கம் வழக்கம். கீழே சமவெளி ஊர்களில் அன்றைக்கு முயல் வேட்டைக்குப் போன கதைகளை இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார்கள். நான் ஏற்காடு கடையில் கோழி வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மலைக்கு வந்தும் பிராய்லராம்மா? ஊட்டுல துப்பாக்கி வெச்சுக்கிட்டு?" என்றார்.

"அது சத்தத்துக்குங்கண்ணா. கோழி சுட்டா ஜெயிலுக்குப் போவோணும்" என்றேன்.

சிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே என் தோட்டா டப்பாவை எடுத்து வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் எடுத்து வந்தார். நான் வைத்திருந்த எட்டாம் நம்பரைப் பார்த்ததும் மனிதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதென்ன, தாளிக்கறதுக்கா?" பிறகு, துப்பாக்கியைச் சேலத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாலும், தன் பையிலிருந்து நாலைந்து தோட்டாக்களை எடுத்து மேஜையில் நிறுத்தினார். பி.பி. என்று அச்சடித்திருந்தது. மிளகைப்போல் பருத்த ரவை, மருந்தும் கூடுதல். "எண்பது கெஜத்துல நிக்கற கோழியத் தூக்கும். எட்டத்துக்குன்னா இதாம்மா தோட்டா."

"அண்ணா, எங்கப்பா துப்பாக்கிக்கு வாய் குறுகல் கிடையாதுங்க. ரவைய ஒண்ணாக் கட்டி அனுப்பாது. நாப்பது கெஜம் தாண்டுச்சுன்னா அதுபாட்டுக்கு எங்கெங்கயோ போவும். நான் சுட்டே பாத்திருக்கறேன்."

"தங்கச்சி நொம்பத்தான் படிச்சிருச்சு" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என் வீட்டுக்காரர் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே கழுவப்பட்டன. கழுவி முடித்துத் துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி எங்கே இருக்கும் என்பது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவரிடமிருந்து அதை ஒளிக்க வேண்டும் என்று எந்தப் பெண்டாட்டிக்குத் தோன்றும்?

மறுநாள் காலை பறிப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். பொங்கலுக்கு வேலை நின்றதில் பழம் உதிர ஆரம்பித்திருந்தது. நானும் கூடையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வரப்புக்குக் கீழே இரண்டாவது வரிசையில் அவள், பக்கத்து வரிசையில் நான். பிராய்லர் குழம்பைப் பற்றி அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "அவருக்குக் காட்டுக்கோழி வேணும்னா காட்டுலயே போயி இருக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது மேலே வாசலில் இருந்து "ஓ" என்று ஒரு குரல் வந்தது. ஆம்பிளைக் குரல். பெண்கள் வழக்கம்போல் "ஓ" என்று பதில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. நான் இங்கே இருக்கிறேன், அங்கே சுடப்போவது யார்? புரிந்ததும் "வேண்டாம்" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வெடித்துவிட்டது.

என் வெடியைவிடப் பெரிய சத்தம். ரவை மேலே போய் உதிரவில்லை, வரப்பைத் தாண்டி நேராகச் செடிகளுக்குள் சீறிக்கொண்டு வந்தது. இலைகள் கிழிந்தன. என் முன்னால் ஒரு சில்வர் ஓக் பட்டை தெறித்தது. வரப்பில் நின்ற காட்டுச்சேவல் ஒரு இறகைக்கூட விடாமல் சடசடவென்று பறந்து கீழ்க்காட்டுக்குள் போய்விட்டது. மற்ற பெண்கள் குனிந்தபடியே இருந்தார்கள். வெடிக்கு நிமிரக் கூடாது என்பதுதானே அவர்களுடைய வீராப்பு. அவள் மட்டும் குரல் வேறு மாதிரி இருக்கிறதே என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

அவள் கத்தவில்லை. "அக்கா, கண்ணுல என்னமோ விழுந்துருச்சுங்க" என்றாள், தூசி விழுந்ததைச் சொல்வதுபோல. இடது கண்ணின் மேல் கையை வைத்திருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் இடுப்பில் கட்டிய கூடை சாயாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பறவையைச் சாய்க்க முடியாத தூரத்தில் ஒரு மனுஷியின் கண்ணுக்குள் போக அந்த ரவைக்கு வலு இருந்தது. எட்டத்துக்குச் சுடலாம் என்று பெருமை பேசுகிறவர்கள் யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மேலே கொண்டு வந்தோம். துப்பாக்கி வாசல் சுவரில் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் வெளுத்துப் போய் நின்றார். சாவியை எடுத்துக் கொடுத்தது அவர்தான். "மாமா கேட்டாரு புள்ள, எப்படி இல்லைங்கறது?" என்றார். பதினெட்டு வயதில் அவரைக் கட்டினேன். அன்றிலிருந்து அந்த நிமிஷம்வரை அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் ஆத்திரம் வந்த சொல் அது. ஆனால் அப்போது சண்டை போட நேரமில்லை. அண்ணன் காரில் அவளை ஏற்றினார்கள், என் வீட்டுக்காரரும் கூட ஏறினார். அவளுடைய வீட்டுக்காரன் ராகிக் காட்டில் இருந்தான். நான் ஓடிப்போய் அவனைக் கூட்டிக்கொண்டு, வந்த ஜீப்பை மறித்து ஏறி, ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

உள்ளே நர்ஸ் அவளைப் படுக்க வைத்துக் கண்ணைக் கழுவத் தயாராகிக்கொண்டிருந்தார். "காபிக் கொப்பு குத்துச்சுன்னு சொன்னாங்க, பட்டை கிட்டை இருக்கான்னு பாக்கோணும்" என்றார்.

"யார் சொன்னது?" என்றேன்.

அண்ணன் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஆமாம் போட்டிருந்தார். அவள்? அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காரில் வரும்போதே அண்ணன் அவளிடம் சொல்லியிருக்கிறார்: துப்பாக்கி என்றால் போலீஸ் கேஸ் ஆகும், போலீஸ் வரும்வரை டாக்டர் தொட மாட்டார், கொப்பு என்று சொன்னால் உடனே வைத்தியம் கிடைக்கும். கண் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் சொல்கிற சொல்லா இது? அவளுடைய பயத்தையே எடுத்து அவளுடைய வாயை அடைத்திருக்கிறார்.

"துப்பாக்கி ரவைங்க. உள்ள இருக்குது. கழுவாதீங்க" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் கையை அப்படியே நிறுத்தினார். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கண்ணை அழுத்தாமல் மேலே ஒரு மூடி வைத்துக் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மெயின் ரோட்டில் பொங்கல் லீவுக்கு வந்த கார்கள் அடைத்துக்கொண்டிருந்ததால் மலையின் இன்னொரு ரோடான குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். "அக்கா, கொப்புன்னே சொல்லியிருக்கலாமோ? வைத்தியம் நிறுத்திப்போடுவாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டாள். நிறுத்த மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கும் அது நிச்சயமாகத் தெரியாது.

சேலத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ஆபரேஷன் செய்தார்கள், ரவையை எடுத்தார்கள். கண்ணை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. டாக்டர் அதை அவளிடமே நேராகச் சொன்னார். அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். பிறகு, "இந்தப் பக்கம் நிக்காதீங்கக்கா, நிக்கறது தெரியல" என்றாள். நான் அவளுடைய வலப்பக்கம் போய் நின்றேன்.

ஸ்டேஷனுக்கு நானே போனேன். துப்பாக்கியையும் மீதித் தோட்டாக்களையும் ஒப்படைத்து நடந்ததைச் சொன்னேன். லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. துப்பாக்கி என்னுடையது, அது இன்னொருவர் கைக்குப் போனது, ரத்து செய்தது சரி. என்னைக் கொதிக்க வைத்தது அண்ணன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். கோழியைச் சுடவில்லையாம், விரட்டினாராம். அந்த வீட்டில் தினமும் செய்வதுபோலவே குரல் கொடுத்தாராம், கீழே இருந்தவர்கள் பதில் கொடுத்தார்களாம், வானத்தைப் பார்த்துச் சுட்டாராம். நாங்கள் எத்தனையோ வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்த குரலை எடுத்துத் தன் பொய்க்குப் போர்வையாகப் போட்டுக்கொண்டார். குரல் கொடுத்தது உண்மைதானே, பதில் வந்தது உண்மைதானே என்று அவருடைய வக்கீல் கேட்பாராம். பொய் சொல்வதிலும் மனிதருக்கு உத்தியோகத் திறமை.

சொந்தத்தில் எல்லாருக்கும் என் மேல்தான் வருத்தம். அக்கா போனில் அழுதார். "நம்ம ஊட்டு மாப்பிள்ளைய நீயே கொண்டுபோயி போலீஸ்ல நிறுத்திட்டயே" என்றார். எங்கள் தோட்டத்துப் பெண்ணுக்குக் கண் போனதைப் பற்றி அந்த அழுகையில் ஒரு சொல் இல்லை. ஒரு சித்தப்பா, நான் கோபக்காரி என்பதால்தான் இது இவ்வளவு பெரிசாகிவிட்டது என்றார். நான் சாந்தமாக இருந்திருந்தால் அவளுக்குக் கண் திரும்பி வந்திருக்கும்போல. என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் கடையிலேயே சாப்பிட்டுக்கொண்டார். நான் வரச் சொல்லவும் இல்லை.

காபிப் பறிப்பு முடிந்து தொடங்கிய அடுத்த வேலைக்கே அவள் வந்துவிட்டாள். வராதே, இரு என்றால் கேட்பவளா? களைவெட்டு சமாளித்துக்கொண்டாள். மிளகு பறிக்கும்போதுதான் தெரிந்தது. கொத்துக்குக் கையை நீட்டுவாள், கை கொத்துக்கு முன்னாலேயே மூடிக்கொள்ளும். மறுபடி நீட்டுவாள், தாண்டிப் போய்விடும். தடவித் தடவித்தான் பிடிப்பாள். படி இறங்கும்போது காலை முன்னால் விட்டுத் தரையைத் தேடுவாள். பழகப் பழகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு கையாலும் பறித்தவள் ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தேடினாள். வாயும் ஓய்ந்துவிட்டது. சேலைக் கலரைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கோர்ட்டில் சாட்சி விசாரணை வருவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அக்காவும் மலையேறி வந்தார்கள். கூடையில் ஆப்பிள், மாதுளை. வாசலிலேயே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவளைக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்றார்கள். வரச் சொன்னது என் வீட்டுக்காரர். என்னைக் கேட்கவில்லை. அவள் வந்தாள், ஹாலில் அண்ணனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையில் உட்காரப் போனவளை நான்தான் நாற்காலியில் உட்கார வைத்தேன். நடுவில் டீபாய். எல்லாருக்கும் காபி கொண்டு வந்து வைத்தேன். அவர் வீட்டுக்கு வந்திருக்கிறாரே, காபி கொடுக்காமல் முடியுமா? அந்தப் புத்தி எனக்கும் இருந்தது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வருத்தம் என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு விளக்கம் ஆரம்பித்தது.

"பாரும்மா, வாசல்ல இருந்து வரப்பு எண்பது கெஜம். நீ நின்ன எடம் அதுக்கும் கீழ. அவ்வளவு தூரத்துல ரவைக்கு வேகம் பாதிகூட இருக்காது. ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆகும். இத யாருமே நெனச்சுப் பாக்க முடியாது. நம்ம கெட்ட நேரம்." டீபாயில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். இது வாசல், இது வரப்பு, இது நீ. "அதனால கோர்ட்டுல கேட்டா, எப்பவும்போல குரல் குடுத்தாரு, எப்பவும்போல மேல சுட்டாருன்னு மட்டும் சொன்னாப் போதும். தூரத்த வெச்சுப் பாத்தா அது பொய்யும் இல்ல."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"தூரத்தப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. எனக்கு இந்த டம்ளர் எவ்வளவு தூரத்துல இருக்குதுன்னே தெரியறதில்லீங்க."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். டம்ளருக்கு இந்தப் பக்கம், நாலு விரல் தள்ளி, கை வெறுமனே மூடிக்கொண்டது. மூடிய கையை அவள் எடுக்கவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலை குனிந்தார். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? உபசாரம் செய்கிற மாதிரி, டம்ளரை மெல்ல அவள் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்த நகர்த்தலைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. எழுந்து போய்க் கதவை முழுசாகத் திறந்தேன்.

"எந்திரிச்சுப் போங்கண்ணா" என்றேன். "இப்பவே போங்க. பழத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

அக்கா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இந்த வீட்டில் அண்ணனுக்கு அப்படி ஒரு சொல் விழுந்ததே கிடையாது. என் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் மாமா பக்கம் போகிறாரா, என் பக்கம் வருகிறாரா என்று எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை. அவர் குனிந்து பழக்கூடையை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கார்க் கதவருகில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பி வந்தார்.